இடம் எழுதாத விபத்துகள்

நொச்சிக்கரட்டில் ஆபத்தான இடம் எது என்று யாரைக் கேட்டாலும் பைபாஸ் வளைவைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் சந்தைக்குப் போகிற இறக்கத்தைச் சொல்வார்கள், இரண்டும் இல்லையென்றால் மழை நாளில் ரயில்வே பாலத்துக்கு அடியில் போகாதீர்கள் என்பார்கள். ஆனால் மாவட்டக் காவல் அலுவலகத்துக் கம்ப்யூட்டர், ஊரில் நடந்த அத்தனை விபத்துகளையும் வழிப்பறிகளையும் கூட்டிக் கழித்துப் பார்த்து அடர்சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டிய இடம், தறி ஓட்டுகிற சென்னியப்பன் வீட்டுச் சமையலறை.

அது ஆரம்பித்தது ஒரு சந்தை நாளில். சென்னியப்பனின் மனைவி பழனாத்தாள் கொள்ளு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் ஒரு லாரி பிரேக் போட்டது. லாரி வரவில்லை, பிரேக் சத்தம் மட்டும் வந்தது. அதன் பின்னாலேயே டயர் கருகிய நாற்றம் வந்து பெருங்காய வாசத்தோடு கலந்தது, உடைந்த கண்ணாடித் தூள் கற்கண்டு மாதிரி ரசத்தில் விழுந்தது, கடைசியாக ஓர் ஆண்பிள்ளைச் செருப்பு, இடது கால் செருப்பு, கிரைண்டர் ஓரமாக வந்து கவிழ்ந்து கிடந்தது. பழனாத்தாள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங் மாமா, லாரி ஏதாச்சும் ஊட்டுக்குள்ள வந்துருச்சுங்களா?"

சென்னியப்பன் எழுந்து வந்து சுற்றிலும் பார்த்தான். "லாரி வரல புள்ள. செருப்பு மட்டுந்தான் வந்திருக்குது," என்றான். ரசத்தைக் கொட்டிவிட்டு அன்றைக்கு இருவரும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே பிரேக் சத்தம் வந்தது. செருப்பு வரவில்லை, கண்ணாடி வரவில்லை, சத்தமும் நாற்றமும் மட்டும் சொல்லிவைத்தாற்போல வந்தன. அடுத்த வாரம் காலையில் ஒரு காலேஜ் பஸ் வந்தது, சாயங்காலம் ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலி அறுபடுகிற சத்தமும் அவள் அலறலும் வந்தன, அதற்கடுத்து பால் வண்டி வந்தது, கல்லூரிப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளோடு வந்தார்கள், ஒரு நாள் யாருடையதோ ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. குழந்தை அழுத அன்று பழனாத்தாள் சமைக்கவே இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, யார் பெற்ற பிள்ளையோ, யார் பெற்ற பிள்ளையோ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் தடவை வருகிறபோது சில சமயம் தரையில் ரத்தமும் வரும், அதைக் கழுவி விடவேண்டும், அப்புறம் தினமும் அதனதன் நேரத்துக்குச் சத்தம் மட்டும். மனுஷ ஜென்மம் எதற்கும் பழகிவிடுகிறது. பால் வண்டிக்கும் காலேஜ் பஸ்ஸுக்கும் நடுவில் குழம்பைக் கூட்டி வைத்துவிட வேண்டும், சங்கிலி அறுபடுவதற்குள் பாத்திரம் கழுவிவிட வேண்டும் என்று அவளும் பழகிப்போனாள்.

இதற்குள் ஒரு நாள் காலையில், கறுப்புப் பையில் லேப்டாப்போடு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். பெயர் ரிஸ்வானா. எங்கெங்கே என்னென்ன நடந்தது என்பதை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிற வேலைக்காக மாவட்டக் காவல் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். புள்ளிகள் விலகி விலகி இருந்தால் அந்த இடம் மஞ்சள், நெருங்கி வந்தால் ஆரஞ்சு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சிவப்பு. சிவப்பைப் பார்த்து அங்கே வேகத்தடை போடலாம், விளக்குப் போடலாம், ஆளை நிறுத்தலாம். இத்தனை சிவப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வந்தவள், உள்ளே நுழைந்தபோது சரியாக காலேஜ் பஸ் வருகிற நேரம். பிரேக் சத்தம் கேட்டு அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள், கண்ணைத் திறந்தபோது பழனாத்தாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"பயந்துக்காத அம்மிணி. இது ஒண்ணும் பண்ணாது. காப்பி குடிக்கிறியா?"

ரிஸ்வானா காபியை வாங்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, ஸ்டேஷன்ல விபத்தைப் பதியறப்ப எந்த இடம்னு எழுதணும். எழுதாம விட்டா, இந்த ப்ரோகிராம் அதை ஊருக்கு நட்டநடுவுல கொண்டுபோய் வெச்சிருது. நொச்சிக்கரட்டோட எல்லையை அளந்து நடுவுல ஒரு புள்ளி வெச்சா, அது உங்க அடுப்பு மேல விழுதுக்கா."

"அப்ப இதெல்லாம் எடம் இல்லாததுங்களா?"

"இடம் இருக்குதுக்கா. யாரும் எழுதல."

ஏன் எழுதவில்லை என்பதற்கு நம் ஊரில் பிறந்தவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். நடுவில் விழுந்தவன் யாருக்குச் சொந்தம் என்று டேப் வைத்து அளக்கிற பழக்கம் நம்முடையது. சிவப்பு வந்தால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்ததும், எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு முருகானந்தம் இடம் என்கிற கட்டத்தைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, வாயில் வெற்றிலையோடு எல்லோருக்கும் நல்லவராக இருக்க நினைத்தவர், அவ்வளவுதான்.

ஸ்டேஷனோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு என்று செல்போனில் பார்க்கும்படி வைத்தார்களோ இல்லையோ, ஊரில் பெண் கொடுக்கிறவர்களும் எடுக்கிறவர்களும் ஜாதகத்துக்குப் பக்கத்தில் அதையும் விரித்து வைத்துக்கொண்டார்கள். பத்தில் ஒன்பது பொருத்தம் இருக்கிறது, ஆனால் பையன் வீட்டு வீதி ஆரஞ்சாக இருக்கிறதே என்று ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. பிறகு கேட்கவேண்டுமா? வீதிக்கு வீதி ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போய், ஏட்டய்யா, நடந்ததை எழுதிக்குங், எடத்த மட்டும் விட்டுருங் என்று கும்பிட்டார்கள். நாய் அடிபட்டாலும் இடம் இல்லை, நகை பறிபோனாலும் இடம் இல்லை. வரைபடத்தில் நொச்சிக்கரடு வெளுத்த வேட்டி மாதிரி ஆனது, நடுவில் மட்டும் ஒரு சொட்டு ரத்தம்.

அந்தச் சொட்டுக்கு ஊர் நன்றி மறக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டயர் நாற்றம் போகச் சமையலறைக்கு ஒரு காற்றாடி வாங்கி மாட்டிக் கொடுத்தார்கள். ரத்தம் கழுவ பினாயில் கொடுத்தார்கள். ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவர்கள் மற்றொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஜோடி பார்த்து எடுத்துப் போனார்கள். எங்கே அடிபட்டுச் செத்தார்கள் என்றே தெரியாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து அடுப்பு ஓரம் உட்கார்ந்து, தங்கள் பிள்ளையின் நேரம் வந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். பொங்கல் விழாவில் பழனாத்தாளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்; ஊரின் துயரத்தைத் தன் வீட்டில் தாங்கும் தாயே என்று அவள் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவள் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எடத்தச் சொல்லுங்க சாமி, அவியவிய சத்தத்த அவியவிய எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

சொன்னால் போகும் என்பதை ரிஸ்வானா செய்தே காட்டியிருந்தாள். பால் வண்டிக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் சந்தை இறக்கத்தில்தான் மோதினேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதும், புள்ளியைத் தூக்கி அங்கே வைத்தாள். மறுநாளிலிருந்து பால் வண்டி பழனாத்தாள் வீட்டுக்கு வரவில்லை, சந்தை இறக்கத்தில் அதன் நேரத்துக்குக் கேட்டது, அங்கே வேகத்தடையும் போட்டார்கள். ஆனால் பார்த்த சாட்சி ஒருவர் சொல்லாமல் புள்ளியை நகர்த்த அவளுக்கு அதிகாரமில்லை. அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள், இடம் மட்டும் சொல்லவில்லை.

பைபாஸ் வளைவை ஒட்டி குறிஞ்சி கார்டன் என்று புதிதாக மனை பிரித்து வீடு கட்டியிருந்தார்கள். அதன் சங்கச் செயலாளர் சாமியப்பன், முதல் வீடு அவருடையது. ரிஸ்வானா போனபோது அவர் நியாயமாகவே பேசினார்.

"பாப்பா, இந்த வளைவுல வாரத்துக்கு ரெண்டு பேரு விழுகறாங்க, நான் இல்லைங்கல. போன் பண்ணிச் சொல்றதே நான்தான். ஆனா எடத்த எழுதுனா எங்க வீதி செவந்துரும். எனக்கு ஒரே பொண்ணு, வயசு இருபத்தாறு ஆவுது. அந்தம்மா ஊட்டுல பொண்ணும் இல்ல, பையனும் இல்ல. அவியளுக்கு என்ன நட்டம் சொல்லு?"

அவருடைய மகள் சிந்துஜா உள்ளே கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை சிந்துஜாவைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலிருந்தே வீடு அமர்க்களப்பட்டது. கேசரி கிளறியாகிவிட்டது, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவியாகிவிட்டது, ஆட்கள் அதிகம் என்பதால் தண்ணீர் டேங்கருக்கும் சொல்லியிருந்தார்கள். சிந்துஜா பட்டுப்புடவையில் மாடியில் நின்றிருந்தாள், சாமியப்பன் மாப்பிள்ளை வீட்டார் கார் வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வளைவில் ஒரு வெள்ளைக் கார் வந்த வேகத்தில் ஒரு மொபெட்டைத் தட்டிவிட்டு நிற்காமல் போனது. ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் தார்ரோட்டின் ஓரத்தில், அவர்கள் வீட்டுக் கேட்டுக்கு நேர் எதிரில் போய் விழுந்தான்.

சாமியப்பன் அந்த நிமிஷமே போனை எடுத்தார். இதை யாரும் மறுக்க முடியாது. "ஏட்டு, ஒரு ஆளு அடிபட்டுக் கெடக்கறான், ஆம்புலன்ஸ அனுப்பு. எடம் வழக்கம்போல விட்டுரு, இன்னைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்க," என்றார். முருகானந்தம் வேறொரு வேலையாக இருந்தார், சரிங் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார், இடத்தை வழக்கம்போல விட்டார். வழக்கம் என்பது என்னவெல்லாம் செய்யும்! அந்த வாரம்தான் ஆம்புலன்ஸுக்கும் அந்த வரைபடத்தையே வழிகாட்டக் கொடுத்திருந்தார்கள். பிரேக்கும் அலறலும் கண்ணாடியும் போய்ச் சேருகிற இடத்துக்கே ஆம்புலன்ஸும் போய்ச் சேரும் என்று அத்தனை பேர் உள்ள ஊரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

பழனாத்தாள் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் எதுவும் வருகிற வழக்கம் இல்லை. இரும்பு இழுபடுகிற சத்தம் வந்தது, சரி, புதிதாக ஒன்று என்று நினைத்துக்கொண்டாள். மொபெட்டின் ஹாரன் ஒரு முறை அமுங்கி நின்றது. அதுவரை அந்தச் சமையலறைக்கு வந்த யாரும் பேசியதில்லை. அலறியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், பேசியதில்லை. இது பேசியது. தரையிலிருந்து, அவள் காலடியிலிருந்து, மெதுவாகப் பேசியது.

"புள்ள... தண்ணி."

அரிசிப் பாத்திரம் கையிலிருந்து விழுந்தது. பழனாத்தாள் தரையைக் கையால் தடவினாள், அடுப்புக்கு அடியில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், "எங்கீங்க மாமா, எங்க கெடக்கறீங்க, எடத்தச் சொல்லுங்க," என்று கத்தினாள். தரை மறுபடியும் தண்ணி என்றது. அவள் ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு தலைமுடி அவிழ்ந்து தொங்க வாசலுக்கு ஓடினாள், அங்கே சைரன் ஊதிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு குதித்து அவளைத் தாண்டி உள்ளே ஓடி, களைந்த அரிசியை மிதித்துக்கொண்டு, யாருமில்லாத சமையலறையின் நடுவில் நின்றார்கள்.

"அடிபட்டவரு எங்கம்மா? இங்கதான் காட்டுது."

"நீங்க எங்கிருந்துங்க வர்றீங்க? வர்ற வழியில பாத்தீங்களா? என்ற புருசனுங்க. பச்சைத் துண்டு போட்டிருப்பாரு."

"பைபாஸ்ல இருந்துதான் வர்றோம். வளைவுல ஒரு தண்ணி டேங்கர் நின்னுச்சு, ஒதுங்கி வந்தோம். வேற ஒண்ணும் பாக்கல."

அந்த டேங்கருக்குப் பின்னால்தான் சென்னியப்பன் கிடந்தான். அவனைத் தாண்டித்தான் அந்த வண்டி வந்தது. டேங்கர்க்காரர் வீட்டுப் பக்கம் இடமில்லாமல் எதிர்ப்பக்கத்து வளைவோரம் வண்டியை நிறுத்தி, குழாயை ரோட்டுக்குக் குறுக்கே போட்டு வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து பார்த்த சாமியப்பனுக்கு டேங்கர்தான் தெரிந்தது, சைரன் சத்தமும் கேட்டது, எடுத்துப் போய்விட்டார்கள் என்று கீழே இறங்கிப் போய் சட்டை மாற்றிக்கொண்டார். பழனாத்தாள் சொம்போடு ஊர் முழுக்க ஓடினாள், சந்தை இறக்கத்தில் பார்த்தாள், பாலத்துக்கு அடியில் பார்த்தாள், அடுப்பு மேல் வந்து விழுந்த எல்லாச் சத்தத்துக்கும் எங்கெங்கே இடம் இருக்கக்கூடுமோ அங்கெல்லாம் பார்த்தாள். தண்ணீர் தளும்பித் தளும்பி, சொம்பில் பாதிகூட மீதியில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேசரி சாப்பிட்டுவிட்டு, பெண் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகு, டேங்கரும் தொட்டியை நிரப்பிவிட்டு நகர்ந்தபோது சென்னியப்பன் தெரிந்தான். உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

டேங்கர் நகரும்வரை எத்தனை வண்டிகள் அந்த வழியாகப் போயின, எவனுக்கும் கண் இல்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. கண் இருந்தது. யாராவது போன் செய்திருப்பார்கள் என்று டேங்கர்க்காரர் உட்பட எல்லோரும் நினைத்தார்கள், அது உண்மையும்கூட.

உடலைத் தூக்கிப் போனவர்கள் எங்கே தூக்கினோம் என்று சொன்னார்கள்; எங்கே அடிபட்டான் என்பதைப் பார்த்தவர் யார் என்று ஸ்டேஷனில் கேட்டபோது ஊரே வாயை மூடிக்கொண்டது. முருகானந்தம் வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கட்டம் காலியாகவே இருந்தது. அதனால் தினமும் பகலில், பழனாத்தாளின் சமையலறைத் தரை "புள்ள... தண்ணி" என்றது. அவள் தரையில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், குரல் அதைக் குடிக்கவில்லை, மறுபடியும் கேட்டது. வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றினாள். ரிஸ்வானா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் இங்க இல்லைக்கா," என்று அழுதாள்.

"தெரியுது கண்ணு. எங்க அடிபட்டாருன்னு யாராச்சும் ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொன்னாப் போதும், கொரலு அந்த எடத்துக்குப் போயிரும். நா அங்க போயி ஒரு வாய் தண்ணி குடுத்துருவேன்."

ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் ஒரு பகலில் அவர்களோடு சிந்துஜாவும் வந்து கடைசியாக உட்கார்ந்தாள். அவளுக்குத் தைக்கு முகூர்த்தம் குறித்திருந்தது. நேரம் வந்தது, இரும்பு இழுபட்டது, ஹாரன் அமுங்கி நின்றது, தரை பேசியது. மற்றவர்கள் ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டபோது சிந்துஜா மட்டும் எழுந்து செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

ஸ்டேஷனில் முருகானந்தம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"புதன்கிழமை விபத்து. எங்க ஊட்டுக் கேட்டுக்கு நேர் எதிர்ல, ரோட்டோரம். எழுதுங்க."

"அம்மிணி, உங்கப்பாதான்..."

"அப்பா போன் பண்ணுனாரு. நா பக்கத்துல நின்னு பாத்தேன். உள்ள போன்னு சொன்னாரு, போயிட்டேன். பாத்தவங்க பேருங்கற எடத்துல எம்பேரப் போடுங்க. இனிஷியலோட போடுங்க."

ஏட்டு கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவள் கூடவே நின்று அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் குறிஞ்சி கார்டன் வரைபடத்தில் சிவக்க ஆரம்பித்தது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்ட வேண்டும் என்று போன் வந்தது, சாமியப்பன் மகளை அடிக்கக் கை ஓங்கிவிட்டு ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பழனாத்தாள் அடுப்படியில் காத்திருந்தாள். நேரம் வந்தது, தரை பேசவில்லை. அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிந்துஜா சொல்லிப் புள்ளி வளைவுக்குப் போய்விட்டது என்று ரிஸ்வானா போனில் சொன்னாள். அடுத்த நாள் பழனாத்தாள் சொம்பில் தண்ணீரோடு சீக்கிரமே கிளம்பி பைபாஸ் வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது லாரிகளும் பஸ்களும் வந்த வேகத்தில் வளைந்து போய்க்கொண்டிருந்தன, ரோட்டோரத்தை நெருங்கவே முடியவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு சிந்துஜா வந்தாள். நேராக ரோட்டின் நடுவுக்குப் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்தாள்.

முதலில் ஒரு சிமெண்ட் லாரி பிரேக் போட்டு நின்றது, அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் கார்கள். டிரைவர்கள் தலையை வெளியே நீட்டி ஏசினார்கள், ஹாரனை அமுக்கினார்கள். அவள் நகரவில்லை. ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்ததும் ரோட்டோரத்துத் தாரிலிருந்து அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது, பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்டது, படியில் உட்கார்ந்திருந்த சாமியப்பனுக்கும் கேட்டது.

பழனாத்தாள் தாரில் மண்டியிட்டு, சொம்பைச் சாய்த்தாள். "மெதுவாக் குடிங்க மாமா," என்றாள்.